மூன்று ஆணி அடித்த பலகை

எனக்கு வயது அறுபத்தாறு. வளர்த்தது ஆறு பேர். பெற்றது நான்கு, அல்பாயுசில் போய்விட்ட நாத்தனாருடைய பிள்ளைகள் இரண்டு. ஆறு பேரும் இன்று குடும்பமும் குட்டியுமாக இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி, எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரமில்லாதவளுக்கு அது போதும். நான் சுவீடன் தேசம் போய் வந்ததைப் பட்டாபிராமில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போனவள் நான், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் கடைசி மகன் கோபி அம்பத்தூர் எஸ்டேட்டில் பேரிங் செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தான். அங்கிருந்து சுவீடனில் கோத்தன்பர்க் என்கிற ஊருக்கு வேலைக்குப் போனான். மருமகள் சுமதிக்கு அங்கே பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை. பத்தியச் சாப்பாடு போட, பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும். ஆனி மாதத்தில் கிளம்பினேன்.

கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீடு என்றால் ஒரே சுவர். என் கொழுந்தனார் மனைவி காமாட்சி இருக்கிறாள். எங்கள் தெருவில் காது குத்தோ வளைகாப்போ, எது நடந்தாலும் அரிவாள்மணையைப் போட்டு முதலில் உட்காருகிறவள் அவள்தான். அப்படிப்பட்டவளுக்குத் தை மாதத்தில் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் தேறி, கோல் ஊன்றி நடக்கிறாள். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. கை வரவே இல்லை.

அவள் மகன் முருகேசன் ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். அவன் மனைவி லதா எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போகிறாள். பகல் முழுக்கக் காமாட்சி தனியாக, மூடி வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சும் குறைந்துவிட்டது, சாப்பாடும் குறைந்துவிட்டது. இப்படியே விட்டால் போய்விடுவாள் என்று முருகேசன் பயந்தான். அரக்கோணத்தில் இருக்கிற தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்தான். ஆடியில் அனுப்பக் கூடாது, ஆவணி பிறந்ததும் என்று பேச்சு. மகள் வீடு நல்ல வீடுதான். ஆனால் சம்பந்தி வீட்டில் காலம் பூராவும் உட்கார்ந்து சாப்பிடுவது காமாட்சிக்குச் சாவுக்குச் சமம்.

"நீ திரும்பி வர்றப்போ அரக்கோணத்துல அவங்க ஊட்டு மூலைல உக்காந்துகினு கீறேன். வந்து பாருக்கா" என்றாள்.

"ஆடி முடியறதுக்குள்ள வந்துடுவேன். அதுவரிக்கும் வாய மூடிகினு இரு."

"கைதான் பூடுச்சி. வாயும் பூடணுமா?"

அந்தப் பேச்சைத்தான் மடியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

முதல் நாளே அந்த ஊர் என்னை ஏமாற்றியது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகும் வெயில் அடிக்கிறது. விளக்கு எப்போது ஏற்றுவது என்று கோபியைக் கேட்டேன். "உனக்கு எப்ப தோணுதோ அப்ப ஏத்துமா, இந்த ஊரு சூரியன நம்பாத" என்றான்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் வெள்ளை, அலமாரி வெள்ளை, மேசை வெள்ளை. வீட்டில் சாமான் என்று ஒன்றும் வெளியே இல்லை. பையன் கஷ்டப்படுகிறானோ என்று நினைத்துவிட்டேன். நம் வீட்டில் சுவர் முழுக்கப் பலகை அடித்து, எவர்சில்வரைத் துலக்கி வரிசையாக வைத்திருப்போம். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். யார் கொடுத்தது, எந்தக் கிரகப்பிரவேசத்துக்கு என்று சாமானே சொல்லும். இங்கே அலமாரியைத் திறந்தால் வெள்ளையாக, வழவழவென்று ஏதேதோ படுத்திருக்கின்றன. எழுத்தில்லை, பூ இல்லை, சிலவற்றில் கைப்பிடிகூட இல்லை. எதற்கு என்று அதுவும் சொல்லாது, நமக்கும் தெரியாது.

மறுநாள் தோசை வார்க்கத் திருப்புகிற கரண்டியைத் தேடினேன். சின்னக் கரண்டி மாதிரி தட்டையாக ஒன்று கிடைத்தது, நடுவில் ஒரு கீறல். அதை வைத்துத் திருப்பினேன். தோசையின் மேல்தோல் மட்டும் சுருண்டு கையோடு வந்தது, மீதி கல்லிலேயே இருந்தது. சுமதி படுக்கையில் இருந்தபடியே சிரித்தாள்.

"அத்தை, அது சீஸ் சீவறது."

"அந்தக் கட்டிய சீவறதுக்குன்னு தனியா ஒண்ணா? கத்தி இல்லையா இந்த ஊர்ல?"

நான் போய் நாலு நாளில் பிள்ளை பிறந்தது. வெள்ளைத் தாளில் தொப்பி தொப்பியாக ஒரு கட்டு இருந்தது. பிள்ளைக்குக் காது அடைக்க என்று எடுத்து மாட்டிவிட்டேன். அது காப்பி வடிகட்டுகிற தாளாம். கதவோரம் தொங்கிய நீளக் கரண்டியால் இரண்டு நாள் முதுகு சொறிந்தேன். மூன்றாம் நாள் கோபி அதை வைத்து ஷூ மாட்டினான். அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் சுமதியைக் கேட்டுக்கொண்டுதான் தொட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ரொட்டி இரண்டு விதம். ஒன்று பஞ்சு, இன்னொன்று ஓடு. ஓட்டு ரொட்டியை ரசத்தில் ஊறப் போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. மீனை எடுத்துச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டு ஊறுகாய் என்கிறார்கள். அதை நான் ஒரு முறை தின்றேன், அதோடு சரி.

எதிர் வீட்டில் ஒரு கிழவி, பெயர் இங்ரிட். என் வயதுதான் இருக்கும். எந்நேரமும் இடக்கையைக் கோட்டுப் பையில் விட்டிருப்பாள். குளிருக்கு என்று நினைத்தேன். பிள்ளை பிறந்த ஐந்தாறு நாளில் அவள் கதவைத் தட்டி, ஏலக்காய் வாசனையாக ஒரு முழு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள். வெள்ளைப் பலகை ஒன்றின்மேல் அதை வைத்து, பலகையை ஒரே கையால் ஏந்திக்கொண்டு வந்தாள். ரொட்டியை எடுத்தபோது அடியில் மூன்று ஓட்டை இருந்தது. பலகையைப் பார்த்தால் மூன்று ஆணி, கூர் மேலே பார்த்து நிற்கிறது. ஒரு மூலையில் இரண்டு ஓரத்துக்கு மட்டும் விரலளவு வரம்பு எழுப்பியிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

நம் பக்கத்தில் ஒருவர் பலகாரம் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் கிடையாது. அந்தக் கிழவிக்கு என்ன பிடிக்கும், வடையா முறுக்கா என்று யோசித்ததில் நாள் ஓடியது. அதுவரை பலகை சும்மா கிடப்பானேன். பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு, வாசலில் திருஷ்டிக்கு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் எலுமிச்சம்பழம் கிடைக்கிறது. மூன்று பழம் எடுத்துக் குங்குமம் தடவி, மூன்று ஆணியிலும் குத்தி, வாசற்கதவுக்கு வெளியே வைத்தேன். அதற்கென்றே செய்த பலகை மாதிரி இருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கும் திருஷ்டி உண்டு போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் உளுந்து வடை தட்டினேன். எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால் இங்ரிட் வெளியே நின்று எலுமிச்சம்பழத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுமதி பிள்ளையோடு வந்தாள். கிழவி பேசியதைக் கேட்டு அவள் முகம் சிவந்துபோயிற்று.

"அத்தை, அந்தப் பலகைய கொஞ்சம் திருப்பித் தர முடியுமான்னு கேக்கறாங்க. அது இல்லாம மூணு நாளா ரொட்டியப் பல்லால பிச்சித் தின்னுகினு இருக்கேன்னு சொல்றாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இங்ரிட் எங்களை அவள் வீட்டுக்குள் கூப்பிட்டாள். பலகையை மேசைமேல் வைத்தாள். அடியில் வெள்ளை ரப்பரில் வலை மாதிரி ஒரு துண்டைப் போட்டாள். ஒரு உருளைக்கிழங்கை ஆணியில் குத்தினாள். ஒரே கையால் தோலைச் சீவினாள், திருப்பிக் குத்தினாள், நறுக்கினாள். பிறகு ரொட்டித் துண்டை எடுத்து அந்த மூலை வரம்பில் முட்டுக் கொடுத்து வெண்ணெய் தடவினாள். ரொட்டி நகரவில்லை. அப்போதுதான் அவள் இடக்கை பையை விட்டு வெளியே வந்தது. விரல்கள் மடங்கி, கை தொங்கியது.

"ஒரு நாள் காலைல எழுந்தப்போ கை இல்லையாம் அத்தை. இருக்கு, ஆனா இல்லை அப்படின்னு சொல்றாங்க" என்றாள் சுமதி.

பெரியாஸ்பத்திரியில் காமாட்சி இதே வார்த்தையைத்தான் சொன்னாள். இருக்குதுக்கா, ஆனா இல்ல.

பிறகு அவள் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். தொட்டியில் ஒரு பிரஷ் மல்லாக்க ஒட்டியிருக்கிறது. ஒரு கையைக் கழுவ இன்னொரு கை இல்லாதவள் அதில் தேய்த்துக்கொள்கிறாள். நுனியில் கொக்கி வைத்த குச்சி பொத்தான் மாட்ட. எல்லாம் வெள்ளை, எல்லாம் பேசா மடந்தை. இரண்டு கை இருப்பவளுக்கு அதெல்லாம் எப்படிப் புரியும்?

இதெல்லாம் எங்கே விற்கிறது, எனக்கு ஒன்று வேண்டும், ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று சுமதியை விட்டுச் சொல்லச் சொன்னேன். வடையைத் தின்றுகொண்டே இங்ரிட் தலையாட்டினாள். மறுநாள் அவளும் நானும் கடைக்குக் கிளம்பினோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. வழி முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் போனோம்.

அந்த ஊரில் தெருவிலேயே டிராம் ஓடுகிறது. இறங்க வேண்டிய இடத்தில் இங்ரிட் இறங்கினாள். பின்னால் நான் போவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அது தானாகத் திறக்கும் என்று நின்றேன். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்ததாம், அதை அழுத்த வேண்டுமாம். அதிலும் எழுத்து இல்லை. டிராம் கிளம்பிவிட்டது. கதவே மூடாமல், ஆள் தொங்கத் தொங்க ஓடுகிற எங்கள் பட்டாபிராம் ரயிலில் இப்படி யாராவது இறங்காமல் போனதுண்டா? கடைசி ஸ்டாப் வரை போனேன். டிரைவர் வந்து கையால் உட்காரச் சொன்னார். அதே வண்டியில் திரும்பி வந்தால் இங்ரிட் அதே இடத்தில் அதே மாதிரி நிற்கிறாள். இந்தத் தடவை வெளியே இருந்து அவளே பொத்தானை அழுத்தினாள்.

கடை பூட்டியிருந்தது. வெயில் காலம் வந்தால் அந்த ஊரில் பாதிப் பேர் கடையைச் சாத்திவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விடுகிறார்கள். நான் ஊர் திரும்பிய பிறகுதான் திறப்பார்களாம். வெறுங்கையோடு திரும்பினோம்.

நான் கிளம்புகிற அன்று காலை இங்ரிட் ஒரு துணிப்பை கொண்டுவந்தாள். உள்ளே அவளுடைய பலகை, ரப்பர் வலை. எலுமிச்சம்பழக் குங்குமம் ஓர் ஆணியடியில் இன்னும் சிவப்பாக இருந்தது. வேண்டாம் என்றேன். அவள் சொன்னதைச் சுமதி சொன்னாள்: "கடை திறந்தா எனக்குக் கிடைக்கும். அவங்களுக்கு உங்க ஊர்ல கிடைக்காது." மூன்று நாள் பலகை இல்லாமல் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது இரண்டு மூன்று வாரம் படப்போகிறாள். என்னிடமிருந்த எவர்சில்வர் டிபன் டப்பா, என் பெயர் வெட்டியது, அதை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்த ஆபீசர் பலகையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஆணி அடிச்சி எடுத்துகினு வந்துகீற? மாந்திரீகமா?"

"காய் நறுக்கறது."

"ஆணியிலயா?"

"ஒரு கைய கட்டிகினு வெங்காயம் உரிச்சிப் பாரு, அப்பறம் கேளு" என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

ஆடி முடிய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. காமாட்சியின் துணிமணியை லதா ஏற்கெனவே ஒரு டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முருகேசனுக்கு லீவு, அன்றைக்குக் காலை அரக்கோணம் வண்டி. எல்லாரும் என் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாக்லேட் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் பலகையை எடுத்து வைத்தேன்.

"இன்னா பெரீம்மா, ஏரோப்ளேன்ல போயி ஆணி அடிச்ச பலகையா வாங்கினு வந்த? எங்க ஃபேக்டரி ஸ்கிராப்புல இதவிட ஒசத்தியா கெடக்குது" என்றான் முருகேசன்.

"வளையல் மாட்டறதா இருக்கும்" என்றாள் லதா.

"மெழுகுவத்தி குத்தறது ஆயா" என்றாள் என் பெரிய மகனுடைய பெண் தேவி.

நான் பலகையைக் காமாட்சி பக்கம் நகர்த்தி வைத்தேன். காமாட்சி நாற்காலியிலிருந்து சாய்ந்து, இடக்கை விரலால் ஆணி முனையைத் தொட்டுப் பார்த்தாள். வரம்பைத் தடவினாள். தேவியைப் பார்த்து, "ஒரு வெங்காயம் எடுத்தா" என்றாள். அதை ஆணியில் அழுத்திக் குத்தினாள். தலையைக் கிள்ளி, தோலை ஒரு சுற்றுச் சுற்றி உரித்தாள். உரித்த தோலை முருகேசன் மடியில் போட்டாள்.

"ஸ்கிராப்புடா, வச்சிக்கோ" என்றாள்.

அப்புறம்தான் இங்ரிட் கதையைச் சொன்னேன். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. உரிக்க வந்தது, நறுக்க வரவில்லை. காமாட்சி பிறந்ததிலிருந்து அரிவாள்மணைக்காரி. கத்தியைப் பிடித்துப் பழக்கமே இல்லை, அதிலும் இடக்கை. மறுநாள் பகலில் தனியாக முயன்று பார்த்திருக்கிறாள். லதா வேலையிலிருந்து வரும்போது மேசையெல்லாம் ரத்தம், விரலில் துணி.

"போதும்மா. இதுக்குத்தான் சொல்றேன். ஞாயித்திக்கெழம கெளம்பற, அவ்ளோதான்" என்றான் முருகேசன். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஒரு சுவர்தானே, எனக்குக் கேட்டது. நான் போய் நின்றேன். பலகையைக் கொண்டுவந்ததே தப்போ என்றிருந்தது.

காமாட்சி அழவில்லை. விரலைப் பார்க்கவுமில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த வெள்ளக்காரி ஊட்ல காய் நிக்குது, கத்தி போவுது. நம்ம ஊட்ல கத்தி நிக்குது, காய் போவுது. எனக்கு அதானே தெரியும்? அருவாமணைய எடுத்து இந்த டேபிள் மேல வையி."

"சாயும்டி. அத மிதிச்சிக்க கால் எங்க?"

"அதுக்குத்தான் ஒரு ஃபிட்டர பெத்து வச்சிகீறேன்."

முருகேசன் ஸ்டூல் போட்டு ஏறினான். பரண்மேல் கிடந்த அரிவாள்மணையை எடுத்துத் தூசி தட்டினான். மேசை ஓரத்தில் வைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். ரப்பர் வலையை அடியில் போட்டுப் பார்த்தான், போதவில்லை. சட்டையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, தன் டூல்ஸ் பையை எடுத்து வந்தான். மணையின் பலகையில் இரண்டு ஓட்டை போட்டு, மேசையோடு சேர்த்து போல்ட்டு முடுக்கினான். கத்தி முனை ஆளின் பக்கம் நீட்டாமல் கோணம் பார்த்து வைத்தான். உட்கார்ந்து எழுந்து பார்த்து, மறுபடியும் கழற்றி, அம்மாவின் உயரத்துக்கு நாற்காலிக் காலடியில் செங்கல் கொடுத்தான். வேலை என்று வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு நினைப்பே வராது. லதா சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

"அசைச்சிப் பாரும்மா" என்றான்.

காமாட்சி ஒரு கத்தரிக்காயை இடக்கையால் பிடித்துக் கத்தியில் வைத்துத் தள்ளினாள். முதல் துண்டு கோணல். இரண்டாவது கோணல். அதற்கப்புறம் நான் எண்ணவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டி வாசலிலேயே இருந்தது. ஆட்டோக்காரன் வந்து ஹாரன் அடித்தான். உள்ளே காமாட்சி கரண்டியால் சுவரைத் தட்டினாள். குழம்புச் சட்டியை இறக்க என்னைக் கூப்பிடுகிற தட்டு அது. நான் போய் இறக்கி வைத்தேன். முருங்கைக்காய் கத்தரிக்காய் போட்ட காரக்குழம்பு. காய் ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

"வண்டிக்கு நேரமாவுது அண்ணாத்தே" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

முருகேசன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய் வைத்தான். ஏழு மாதமாக அவன் சாப்பிடாத குழம்பு. தலையைத் தூக்காமலே சொன்னான்: "பெரீம்மா, சட்டி இறக்கறது நீயா?"

"ஒரு செவுரு தள்ளிதானே கீறேன். எனக்கு வேற இன்னா வேல?"

"நீ மறுபடியும் சுவீடன் போனா?"

"போறப்ப பாத்துக்கலாம்" என்றாள் காமாட்சி. "நீ மொதல்ல அந்த ஆட்டோக்காரன உள்ள கூப்டு. வந்தவன் பட்டினியா போவக் கூடாது."

ஆட்டோக்காரன் சாப்பிட்டுவிட்டுக் காலி வண்டியோடு போனான். டிரங்குப் பெட்டியை லதா உள்ளே தூக்கி வைத்தாள்.

பலகையை இப்போது காமாட்சி வெங்காயம் உரிக்கவும், எலுமிச்சம்பழம் குத்தி வைத்துக்கொள்ளவும் வைத்திருக்கிறாள். போன வாரம் கோபியுடைய சிநேகிதன் சுவீடன் போகிறான் என்று தகவல் வந்தது. பலகையைத் திருப்பி அனுப்பப் போவதில்லை, ஆனால் வாங்கிய கை சும்மா இருக்கவும் கூடாது. ஒரு ஜாடி எலுமிச்சங்காய் ஊறுகாய் கட்டினோம். முழுக்கக் காமாட்சி ஒரு கையால் நறுக்கியது. காரம் குறைத்துப் போடு, அந்தக் கிழவி பாவம் என்றேன். "ஒரு கை போனவளுக்கு வாய் ஸ்ட்ராங்கா இருக்கும், நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டாள்.

எழுதினது இவ்வளவுதான். தேவி, இங்கே வா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான் சாய்ந்துகொள்கிறேன், நீ முதலிலிருந்து படி. நிறுத்தி, சத்தமாகப் படி. சுவருக்கு அந்தப் பக்கம் காய் நறுக்குகிற சத்தம் நின்றால், அவள் கேட்கிறாள் என்று அர்த்தம்.